ஆட்காட்டி கத்திய இடம்

ஆட்காட்டி ஒன்று ஆளில்லாத சேற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

காரை விட்டு இறங்கும்போதே கிருபாசங்கரின் காதில் அந்தச் சத்தம் விழுந்துவிட்டது. தை பிறந்து பத்து நாள் ஆகியும் பனி விடவில்லை. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் கிடக்கிற நொச்சிக்குளத்தின் மேல் அது வெளுத்த வேட்டியை நனைத்துப் பிழியாமல் விரித்துப்போட்டது போலக் கனத்துக் கிடந்தது. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும், எங்கோ மட்டை எரிக்கிற புகையும், ஆட்டுப்புழுக்கையின் ஈரமணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. அதற்கெல்லாம் மேலே அந்த ஒரு பறவை மட்டும் விடாமல் கத்திற்று. ஆட்காட்டி சும்மா கத்தாது. ஆளோ நாயோ கிட்டே வந்தால்தான் எழும்பி, வந்தவர் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தும். இதுவும் ஒரே இடத்துக்கு மேலேதான் சுற்றியது. ஆனால் அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சேறு.

"இது என்னங்கண்ணா, இந்தக் கத்துக் கத்துது?" என்றாள் மேக்னா, காரின் அந்தப் பக்கத்திலிருந்து.

"கீரி ஏதாச்சும் வந்திருக்கும் அம்மணி."

அவன் அந்த இடத்தை இரண்டாம் முறை பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. போன வருடம் இதே கணக்கெடுப்பு நாளில், அவனுடைய பதினைந்து வருடக் கூட்டாளி சாய்குமார் புதைந்து போனது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். மேக்னா, சாய்குமாரின் மனைவி.

அவளைக் கூட்டிவர அவனுக்குத் துளியும் மனமில்லை. கோவையிலிருக்கும் அவர்கள் பறவைக் குழுவில் தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குக் குளங்களைப் பிரித்துக் கொடுப்பவள் பிரீத்திகா. நொச்சிக்குளத்துக்குப் போக இந்த வருடம் யாரும் கை தூக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக விடாமல் எண்ணுகிற குளம், விட்டுப்போகக் கூடாது, நீங்களே போய்விடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அதை எப்படியோ கேள்விப்பட்டு மேக்னா போன் செய்தாள். "நானும் வாரேனுங்கண்ணா. அவரு நின்ன எடத்துல ஒருக்கா நிக்கோணும்." அதற்கு மேல் என்ன சொல்லி மறுப்பது?

கழுத்தில் சாய்குமாரின் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவனுடைய பழைய பச்சைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, அவள் கரைமேல் ஏறினாள். பனிக்குள் அவள் முதுகைப் பார்த்தபோது கிருபாசங்கருக்குச் சாய்குமாரே முன்னால் ஏறுவதுபோல இருந்தது.

கரையில் மயில்சாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர். இவனை அடையாளம் கண்டு சிரித்தார்.

"ஏனுங்க, மறுக்காவும் கொக்கு எண்ண வந்துட்டீங்களாக்கு? அதுக எங்கியும் ஓடிப் போகலீங்க. போன வருசம் நீங்க உட்டுட்டுப் போன எடத்துலயேதான் நிக்குதுக." பிறகு மேக்னாவைப் பார்த்தார். "இந்த அம்மணி யாருங்க?"

"சாய்குமார் சம்சாரமுங்க."

மயில்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "கரைய உட்டுக் கீழ எறங்கிப் போடாதீங்க கண்ணு. தண்ணி வத்தி மேல காஞ்சாப்பல தெரியும். பொக்லைன் வெச்சு மண்ணத் தோண்டின குழியெல்லாம் அடியில அப்படியேதான் கெடக்குது. ஆளு முங்கற ஆழமுங்க."

"அந்தக் குருவி ஏனுங்க கத்திட்டே இருக்குது?"

"நேத்து மத்தியானம் புடிச்சுக் கத்துதுங்க. கூடு கீடு வெச்சிருக்குமோன்னு கரையில நின்னு பாத்தேன். கூடெல்லாம் ஒண்ணும் காணமுங்க." அவர் ஆடுகளைத் திருப்பினார். அவை ஏற்கெனவே திரும்பியிருந்தன.

வழக்கமாக நிற்கும் இடத்தில், சாய்ந்த சீமைக்கருவேல மரத்துக்குப் பக்கத்தில், கிருபாசங்கர் டிரைபாடை விரித்து நீள லென்ஸ் மாட்டிய கேமராவைப் பொருத்தினான். கைக்கு வேலை கொடுத்தால் மனசு அடங்கும். அதனால் மேக்னாவுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். நாமம் போட்ட மாதிரி நெற்றியில் வெள்ளைப் பட்டை இருந்தால் நாமக்கோழி. சிவப்புக் குச்சி மாதிரிக் காலோடு கும்பலாக நிற்பது நெடுங்கால் உள்ளான். இடமிருந்து வலமாக எண்ண வேண்டும், எண்ணும்போது பேசக் கூடாது.

"பேசாம எப்படீங்கண்ணா, ஒண்ணு பாத்தா சொல்றது?"

"கையிலதான். உள்ளங்கைய விரிச்சு இப்படித் தலைக்கு மேல தூக்கினா, பறவை பக்கத்துல இருக்குது, அசையாதேன்னு அர்த்தம். அதப் பாத்தவங்களும் பதிலுக்குக் கையத் தூக்கிக் காட்டோணும். சரி, நான் அசையலேன்னு. அப்புறம் கை கீழ எறங்கற வரைக்கும் என்ன ஆனாலும் அசையப்படாது, சத்தம் போடப்படாது. புதுசா ஒரு பறவை வந்தா இந்தப் பட்டனை அமுத்திட்டே இருக்கோணும். பாத்தேன்னு வாயில சொன்னா நம்மாளுக ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. படம் வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மேக்னா தன் வலது உள்ளங்கையை விரித்து, மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். தூக்கியபடியே வைத்திருந்தாள்.

"அவரக் குழியில இருந்து எடுத்தப்பவும் கை இப்படித்தான் இருந்துதுங்கண்ணா," என்றாள். "எத்தனையோ பண்ணிப் பாத்தாங்க, மடக்கவே முடியல. ஐஸ் பெட்டி மூடி சேரல. அப்படியே துண்டப் போட்டு மூடித்தான் கொண்டு போனாங்க." கையை இறக்கினாள். "அப்ப அவரு ஏதோ பறவையத்தான் பாத்திருக்காரு. இல்லீங்களா?"

"ஆமா அம்மணி," என்றான் கிருபாசங்கர். "பறவையத்தான்."

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அரிய பறவை ஏதாவது தூரத்தில் நின்றால், ஒருவர் கரையில் கேமராவோடு நிற்பார். இன்னொருவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மெல்ல நடமாடுவார். பறவை அவரை விட்டு விலகி, நடந்தே கேமராவின் பக்கம் வந்துவிடும். போன வருடம் அந்தக் குளத்தில் யாருமே பார்த்திராத கோணமூக்கு உள்ளான் ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாய், மேல்நோக்கி வளைந்த ஊசி மூக்கோடு, தன்னந்தனியாகச் சேற்றில் நின்றது. "நீ சுத்திப் போ சாய்," என்று சொன்னது கிருபாசங்கர்தான். சாய்குமார் போனான். பறவை நகர்ந்து வந்தது. அதற்குப் பின்னால், நாற்பது அடி தள்ளி, சாய்குமாரின் கை தலைக்கு மேல் எழுந்தது. அசையாதே என்றுதான் கிருபாசங்கர் புரிந்துகொண்டான். பதிலுக்கு இவனும் கையைத் தூக்கினான். கண்ணை லென்ஸில் வைத்தான். பட்டனை அமுக்கினான்.

மொத்தம் அறுபத்துமூன்று படம். முதல் படத்தில் நேரம் ஏழு பன்னிரண்டு. கடைசிப் படத்தில் ஏழு இருபது. எல்லாவற்றிலும் பறவை துல்லியமாக விழுந்திருந்தது. பின்னால் மங்கலாக ஒரு கை. ஒவ்வொரு படத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே.

முதல் மூன்று நிமிடம் அவனுக்குத் தெரியாது. அது சத்தியம். ராத்திரியெல்லாம் அவன் தன்னிடம் அந்தச் சத்தியத்தைச் செய்துகொண்டேதான் தூங்கினான். மிச்ச ஐந்து நிமிடத்துக்குத்தான் சத்தியம் கிடைக்கவில்லை. பறவை அவ்வளவு கிட்டே வந்திருந்தது.

'நான் தோப்புப் பக்கம் இருந்தேன், பார்க்கவில்லை' என்று எல்லோரிடமும் சொன்னான். அறுபத்திரண்டு படங்களை அழித்தான். ஒன்றை மட்டும், கை இருக்கும் ஓரத்தை வெட்டிவிட்டு, தோப்புக்குப் போகும் முன் எடுத்தது என்று சொல்லிக் குழுவுக்கு அனுப்பினான். பாராட்டு குவிந்தது. சாய்குமார் கடைசியாகப் பார்த்த பறவை என்று பிரீத்திகா அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, மேக்னாவிடம் கொடுத்தாள். மாலை போட்ட சாய்குமார் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது.

"அந்தப் படத்த நம்மூட்டுச் செவுத்துல மாட்டினமில்லீங்களா," என்றாள் மேக்னா, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த நினைப்பெல்லாம் அவள் காதில் விழுந்ததுபோல இருந்தது. "ஓரத்துல என்னமோ மங்கலாத் தெரியுதுங்கண்ணா. மொதல்ல இருந்த மாதிரி ஞாபகமில்ல. தீபாவளிக்கு ஒரு வெரல் அகலந்தான் இருந்துது. இப்ப பறவை கிட்ட வந்துருச்சு. செவுரு ஈரம் ஏறிருச்சோ என்னமோ."

"ஈரமாத்தான் இருக்கும்," என்றான் அவன். "எண்ணுங்க அம்மணி."

எண்ணினார்கள். நெடுங்கால் உள்ளான் அவனுக்கு முப்பத்தாறு. அவளுக்கு முப்பத்தேழு. திரும்ப எண்ணினார்கள். முப்பத்தாறு. முப்பத்தேழு.

"நீங்க அந்த ஓரத்துல ஒத்தக் கால்ல நிக்கறத எண்ணல. சாம்பல் கலர்ல. தலைய உள்ள இழுத்துட்டு நிக்குது பாருங்க. வந்ததுல இருந்து அசையவே இல்ல."

"எங்கே?"

"அந்தக் குருவி கத்தற எடத்துக்குக் கீழதானுங்க."

அவன் கேமராவைத் திருப்பினான். லென்ஸுக்குள் பனி ஓடியது. வெடித்த சேறு, பாளம் பாளமாக. ஒரு நத்தை ஓடு. ஒற்றைக் காலில் நிற்கும் பறவை எதுவுமில்லை. ஆனால் அவள் சொன்ன அதே இடத்தில் சிவப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது.

மேக்னாவும் பார்த்துவிட்டாள்.

"அது பறவை இல்லீங்கண்ணா." குரல் மிக மெதுவாக வந்தது. "அது நாந் தைச்ச வாருங்க. கேமரா வாரு கழுத்த அறுக்குதுன்னாரு. எங் கல்யாணச் சேலைக் கரையக் கிழிச்சு மடிச்சுத் தெச்சுக் குடுத்தேன்."

சாய்குமாரின் கேமரா கிடைக்கவே இல்லை. இரண்டு நாள் பொக்லைன் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை.

"தண்ணியில கெடந்தாலும் கார்டுல இருக்கற படத்த எடுத்துரலாம்னு பிரீத்திகா சொன்னா," என்றாள் மேக்னா. கண் நிறைந்திருந்தது, முகத்தில் ஒரு வருடமாக இல்லாத வெளிச்சம். "கடைசியா அவரு என்ன பாத்தாருன்னு பாக்கோணுங்கண்ணா. அது போதும் எனக்கு. ஃபயர் சர்வீஸ்ல சொன்னா வந்து எடுத்துத் தருவாங்கல்ல?" கைப்பையில் போனைத் தேடினாள்.

சாய்குமார் கடைசியாக என்ன பார்த்தான்? இந்தக் கரையைப் பார்த்தான். கரையில் டிரைபாடையும், அதற்குப் பின்னால் கையைத் தூக்கியபடி நின்ற கூட்டாளியையும் பார்த்தான். கழுத்தில் கேமரா இருந்தது. ஒரு கை மேலே. இன்னொரு கை?

"போன் வேண்டாம் அம்மணி," என்றான் கிருபாசங்கர். "அவங்க வர்றதுக்குள்ள அது உள்ள போயிரும். கிட்டத்துலதான் கெடக்குது. நானே எடுத்துட்டு வாரேன்."

"அய்யோ, வேண்டாமுங்கண்ணா! அந்த ஆடு மேய்க்கறவரு..."

"குழி எங்கன்னு எனக்குத் தெரியும். சேத்துல ஒரு கட்டை நட்டுட்டு நிக்குதே, அதுக்கு அந்தப் பக்கம். வாரு இந்தப் பக்கந்தான் கெடக்குது." சிரிக்கக் கூடச் செய்தான். "நீங்க கேமரா கிட்டயே இருங்க."

கரையை விட்டு இறங்கினான். ஒரு கருவேலங் கம்பை ஒடித்து முன்னால் ஊன்றி ஊன்றிப் பார்த்தபடி நடந்தான். சேறு கெட்டியாகத்தான் இருந்தது. செருப்புக்கடியில் காய்ந்த அப்பளம்போல் நொறுங்கியது. வாரை எடுத்துக் கேமராவைக் கையில் வாங்கியதும், முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு கார்டை உருவி உள்ளே எறிந்துவிட வேண்டும். அரை நிமிட வேலை. கார்டு இல்லையே அம்மணி, திறந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது. அந்தச் சொற்களை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஆட்காட்டி அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவன் தலைக்கு மேல் வரவில்லை. அவனுக்கு முன்னால், அந்த இடத்துக்கு மேலேயே சுற்றியது.

பாதி தூரத்தில் தடங்களைப் பார்த்தான்.

மனிதத் தடம். வெறுங்கால். ஐந்து விரலும் அழுத்தமாகப் பதிந்து, ஓரத்தில் ஈரம் இன்னும் மினுங்கியது. விரல்கள் கரையைப் பார்த்திருந்தன. குளத்தின் நடுவிலிருந்து யாரோ கரையை நோக்கி நடந்து வந்திருக்கிறார்கள். உள்ளே போன தடம் இல்லை. வந்த தடம் மட்டும். அதுவும் வாருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். கரையில் பச்சைத் தொப்பி. டிரைபாட். திரும்பிப் போய்விடலாம். போனால் அவள் போன் செய்வாள்.

இன்னும் பத்து அடி.

இன்னும் மூன்று.

குனிந்து வாரைத் தொட்டான். துணி காய்ந்திருக்கவில்லை. சில்லென்று இருந்தது, தண்ணீரில் நனைந்த துணி மாதிரி இல்லை, நனைந்த தோல் மாதிரி. இழுத்தான். கொஞ்சம் வந்தது. இறுகியது. மறுபடி இழுத்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து அது மெதுவாக இழுபட்டது.

விட்டுவிட்டான். விட்டான் என்றுதான் நினைத்தான். சிவப்புக் கரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

கால் இறங்கியது. சத்தமே இல்லை. முழங்கால். இடுப்பு. அடியில் தரை என்று ஒன்று இல்லை. ஒரே இறக்கமாக நெஞ்சு வரைக்கும். கம்பு எங்கோ விழுந்தது. சேறு நாலு பக்கமும் நெருங்கி விலாவைக் கவ்வியது. சாக்கடையும் பழைய இரும்பும் கலந்த நாற்றம்.

கத்த வாயைத் திறந்தான்.

மூச்சு வரவில்லை. உறிஞ்சுகிற அளவுக்கு மட்டும் வந்தது. சாய் ஏன் கத்தவில்லை, ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடியிருப்பேனே என்று ஒரு வருடமாக அந்தச் செத்தவன் மேல்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான், பாவி. இப்போது தெரிந்தது. கத்த முடியாது. வாருக்குள் சிக்காத ஒரு கைதான் மிச்சம்.

அதைத் தலைக்கு மேல் தூக்கினான். உள்ளங்கையை விரித்தான்.

அப்போது அது வந்து இறங்கியது. பனியிலிருந்து, சிறகோசை இல்லாமல். கறுப்பும் வெள்ளையும். மேலே வளைந்த ஊசி மூக்கு. அவனுக்கும் கரைக்கும் நடுவில் நின்று, காலை உதறிக்கொண்டது.

கரையில் மேக்னா அதைப் பார்த்தாள். வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிற பறவை. அவள் உடம்பு அப்படியே நிலைத்தது. பிறகு அவன் கையைப் பார்த்தாள். காலையில் படித்த பாடத்தை அவள் மறக்கவில்லை. தன் வலது கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சரிங்கண்ணா. நான் அசையல.

இடது கை கேமராவுக்குப் போனது. பொத்தானின் சத்தம் சேற்றின் மேல் தெளிவாகக் கேட்டது. விடாமல்.

இல்லை அம்மணி. இல்லை.

கை அப்படியேதான் நின்றது. இறக்கினால் அவள் அசைவாள். இறக்க முயன்றான். முழங்கையை மடக்க முடியவில்லை.

மணிக்கட்டில் கடிகாரம். ஏழு பன்னிரண்டு.

எட்டு நிமிடம் ஆகும். அவனுக்குத் தெரியும்.

ஆட்காட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. பறவை நடந்து வந்தது. கிட்டே. இன்னும் கிட்டே. அவன் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, மூக்கைத் தாழ்த்தி, இடமும் வலமுமாகச் சேற்றை வழிக்க ஆரம்பித்தது. மெதுவாக. பொறுமையாக. வழிக்க வழிக்க, சாம்பல் நிறத்தில் ஒரு நகம் தெரிந்தது. பிறகு ஒரு விரல். பிறகு ஐந்தும். பிறகு அகல விரிந்த உள்ளங்கை, அவன் முகத்துக்கு நேராக.

அசையாதே.